கண்டி வீதியும் மோட்டார் வண்டியின் திரவங்களும்

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை வெட்டுவித்த தேசாதிபதிகளின் வரலாறாகவும், வரைபடம் தீட்டிய பொறியியலாளரின் வரலாறாகவுமே எழுதப்பெற்று வந்திருக்கிறது. அவ்வீதிகளில் வண்டி ஓட்டியவர்களும், ஓடிய வண்டியைக் கெடாமற் காத்தவர்களும் அந்த ஏடுகளில் இடம் பெறுவது அரிது. ஆயினும் மலைநாட்டில் ஒரு வீதி பயன்பட்டதென்றால், அதற்கு அவர்களுடைய கைகளும் காரணமாயிருந்தன. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் 72 மைல் நீளமான பெருவீதியின் கதையை அந்தக் கைகளின் பக்கமாக நின்று நோக்கினால், அது நீரும் எண்ணெயும் தடுப்புத் திரவமும் பற்றிய கதையாகத் தோன்றுகிறது. மோட்டார் வண்டியின் உடல் இரும்பாயினும் அதன் உயிர் திரவங்களிலே இருக்கிறது என்னும் உண்மையைக் கண்டிப் பிரதேசத்தாருக்குக் கற்பித்த ஆசான் கடுகண்ணாவை ஏற்றமேயாகும்.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்கு மாறியது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கண்டபின்னர், மலைகளுக்குள் படைகளை விரைவில் அனுப்புவதற்கு நல்ல வீதியொன்று வேண்டுமென்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், அந்த வேலை நடைபெற்றது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையினாற் பிடித்து வரப்பெற்ற குடிமக்களின் உழைப்பிலேயே பாறை உடைக்கப்பட்டது, மண் சுமக்கப்பட்டது. வேலையை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பெற்ற உயர்ந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அதற்கு அண்மையில், பாறையைக் குடைந்து வீதி புகுந்து சென்ற வாயிலையும் காணலாம். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபாற் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டிற் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் அமைந்தது.

இவ்வீதியின் முதற் பெருஞ்சுமை கோப்பி. மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, மூடைகளை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசை வரிசையாகக் கீழே இறங்கின. அரிசியும் பிற பண்டங்களும் ஏற்றி மேலே திரும்பின. அந்த வண்டிக்காரர் இரண்டு கடமைகளை என்றும் மறந்ததில்லை. ஒன்று, ஏற்றத்தின் அடியிலும் உச்சியிலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல். மற்றது, அச்சுக்கு வண்டி மை இடுதல். வைக்கோலைக் கரித்து ஆமணக்கெண்ணெயிற் குழைத்த கரிய மையை அச்சிலே தடவாமல் வண்டி பூட்டுவது தமிழ் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அறியாமையென்றே கருதப்பட்டது. மை வற்றிய அச்சு முதலிற் கிறீச்சிடும், பின்னர் சூடேறும், இறுதியிற் தேய்ந்து முறியும். இயந்திர சாஸ்திரத்தின் மசகுப் பாடம் முழுவதும் இந்த மூன்று நிலைகளுள் அடங்கிவிடுகிறது. மோட்டார் வண்டி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பாடம் இவ்வீதியிற் கற்கப்பெற்றுவிட்டது.

1854இல் ஜோன் வாக்கர் என்பார் கண்டியிலே கோப்பித் தோட்டங்களுக்கான இயந்திரத் தொழிலகம் ஒன்றை நிறுவினார். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்கு இயந்திரம் வேண்டும். நீர்ச் சக்கரமும் நீராவி எஞ்சினும், அவற்றின் பின் எண்ணெய் எஞ்சினும் தோட்டங்களுக்கு வந்தன. இந்த இயந்திரங்களுக்கு எண்ணெயிட்டு, வடிகட்டி, கழுவித் துடைத்த தொழிலாளருட் பலர் தமிழர். கண்டியைச் சூழ்ந்த பிரதேசத்தில் எஞ்சின் அறிவு பரவியதற்குத் தோட்டத் தொழிற்சாலையும் ஒரு பள்ளியாயிருந்தது. அங்கே பட்டமும் சான்றிதழும் வழங்கப்படவில்லை. இரவு நேரத்திற் சத்தத்தைக் கேட்டே எந்தத் தாங்கியில் எண்ணெய் குறைந்ததென்று சொல்லும் செவி மட்டும் வழங்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மோட்டார் வண்டிகள் இலங்கையிற் தோன்றின. 1904இல் மோட்டார் வாகனச் சங்கம் அமைந்தது. முதலில் வண்டி வைத்திருந்தோர் தோட்டத் துரைமாரும், செல்வரும், வைத்தியரும், நியாயவாதிகளுமே. அவர்கள் வண்டியைச் செலுத்தவும் பேணவும் சாரதி ஒருவரையும், அவருக்குத் துணையாகக் கிளீனர் என்னும் இளைஞனையும் அமர்த்தினர். கிளீனர் என்பவன் துடைப்பவன் மட்டுமல்லன். றேடியேற்றருக்கு நீர் வார்ப்பது, எண்ணெய் அளவைப் பார்ப்பது, அடியிற் படுத்து மசகிடுவது ஆகிய அனைத்தும் அவன் வேலை. பிற்காலத்தில் வண்டியோட்டிகளாகவும் கராஜ் உரிமையாளராகவும் உயர்ந்த பலர் இந்த வழியால் வந்தவர்களே.

ஏற்றத்தில் முதலிற் தொல்லை கொடுத்தது நீர். 1908 முதல் 1927 வரை செய்யப்பெற்ற போர்ட் ‘ரி’ மாதிரி வண்டியிலும், 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் வண்டியிலும் நீரைச் சுற்றிச் செலுத்தும் பம்பி கிடையாது. சூடான நீர் தானே மேலெழுந்து றேடியேற்றரின் உச்சியை அடையும். அங்கே குளிர்ந்து கனத்துக் கீழிறங்கி மீண்டும் எஞ்சினுக்குள் புகும். சமவெளியில் இம்முறை செவ்வனே இயங்கியது. மலையேற்றத்திலோ எஞ்சின் முழு வலிமையுடன் உழைக்க, வண்டி மெல்ல ஊர்கிறது, எதிர்க்காற்றும் குறைகிறது. மேலும், ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறைகிறது. கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 500 மீற்றர் உயரமான கண்டியில் 98 பாகையளவிலும், 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதித்துவிடும். ஆகவே ஏறுகின்ற வண்டிக்கு வெப்பம் மிகுகின்ற அதே வேளையில், அதைத் தாங்கும் எல்லை சுருங்குகிறது. மலையோரப் பீலிகளின் அருகே ஆவி கக்கிக்கொண்டு வண்டிகள் நின்றமைக்குக் காரணம் இதுவே. வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது போலவே சாரதியும் வண்டிக்குத் தண்ணீர் காட்டினான்.

இவ்விடத்திற் பொறுமை வேண்டியிருந்தது. கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த பீலி நீரை ஒரேயடியாக ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். மூடியை உடனே திறந்தால் ஆவி முகத்திற் பாயும். அனுபவமுடையோர் நிழலில் நிறுத்தி, சூடு தணியுமட்டும் காத்திருந்து, சிறிது சிறிதாக வார்த்தனர். பின்னாளில் அழுத்தம் தாங்கும் மூடி வந்தபோது இத்தொல்லை பெரிதும் குறைந்தது. ஏனெனில், அழுத்தம் ஏற நீரின் கொதிநிலையும் ஏறுகிறது. மலையின் உயரம் குறைத்த பாகைகளை மூடி மீட்டுத் தந்தது.

குளிர் நாடுகளில் நீர் உறைந்து எஞ்சினைப் பிளக்காதிருக்க, 1920களிலிருந்து எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவம் கலக்கப்பட்டது. இலங்கையில் நீர் உறையும் அச்சம் இல்லை. ஆதலால் இங்கே அது தேவையற்ற செலவென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அந்த எண்ணம் பாதியே சரியானது. வெறும் நீர் உறையாவிடினும் துருவை உண்டாக்கும். துரு சேறாகி றேடியேற்றரின் நுண்குழாய்களை அடைக்கும். மலைநாட்டு ஊற்றுநீர் பொதுவாக மென்மையானது. உலர் வலயக் கிணற்று நீரோ உப்புக்கள் செறிந்தது. அந்தக் கடின நீரை வார்த்தால் கேத்திலின் உட்புறத்திற் படிவது போன்ற வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படிந்தது. எனவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் றேடியேற்றரைக் கழுவும் வழக்கம் ஏற்பட்டது. வடிகுழாயைத் திறந்து பழைய நீரை விடுவர். சலவைச் சோடாவைக் கரைத்து நிரப்பிச் சிறிது தூரம் ஓட்டுவர். மீண்டும் வடித்து, எதிர்த்திசையில் நீரைப் பாய்ச்சித் தெளிநீர் வருமட்டும் அலசுவர். அலுமினியப் பாகங்களுள்ள எஞ்சினுக்குச் சோடா ஆகாது. அது அலுமினியத்தை அரித்துவிடும். பிற்காலத்தில் துருத்தடுப்பு மருந்து கலந்த குளிர்த்தித் திரவம் நம் நாட்டிலும் பரவலாயிற்று. இந்நாட்டில் அதன் பயன் உறைவைத் தடுப்பதன்று. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதுமாகும்.

இரண்டாவது திரவம் எண்ணெய். எஞ்சின் எண்ணெய் வழுக்கலுக்கு மட்டுமே உரியதென்று பலர் நினைப்பதுண்டு. அது சூட்டையும் சுமந்து செல்கிறது. கரியையும் இரும்புத் துகளையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. எண்ணெய் கறுப்பது அது உழைத்ததற்கு அடையாளம். முற்கால வண்டிகளில் எண்ணெய் வடிகட்டி இல்லாமையால் ஆயிரம் மைல் அளவிலேயே எண்ணெயை மாற்ற நேர்ந்தது. 1923இல் அமெரிக்காவில் ஏர்னஸ்ட் சுவீற்லன்ட் என்பவரும் ஜோர்ஜ் கிறீன்ஹால் என்பவரும் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டியை அமைத்தனர். அது பரவியபின் எண்ணெயின் ஆயுள் நீண்டது. எண்ணெயின் தடிப்பை எண்ணாற் குறிக்கும் முறை 1911இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தாரால் வகுக்கப்பட்டது. எண் பெரிதானால் எண்ணெய் தடிப்பானது. மலையேறும் எஞ்சின் மிகுந்த சூடடையும்போது மெல்லிய எண்ணெய் மேலும் நீர்த்துத் தாங்கிகளைக் கைவிடும். ஆதலால் வெப்ப நாடுகளிற் தடித்த எண்ணெயையே கையேடுகள் விதித்தன.

மூன்றாவது திரவமே உயிருக்கு மிக அண்மையானது. ஏற்றத்தில் எஞ்சின் கெட்டால் பயணம் தடைப்படும். இறக்கத்திற் பிறேக் கெட்டால் பயணமே முடிந்துவிடும். முற்கால வண்டிகளிற் பிறேக் கம்பியாலும் கயிற்றாலும் இழுக்கப்பட்டது. 1917இல் மல்கம் லொக்கீட் என்னும் அமெரிக்கர் திரவத்தின் மூலம் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குச் செலுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். 1921இல் டியூசன்பேர்க் வண்டி நான்கு சக்கரங்களுக்கும் அம்முறையைக் கையாண்டது. 1948இல் வெளிவந்து இலங்கையர் உள்ளங் கவர்ந்த மொறிஸ் மைனர் வண்டியிலும் திரவப் பிறேக்கே அமைந்திருந்தது.

தொடக்கத்திற் பிறேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்ததாயிருந்தது. மாட்டு வண்டியின் அச்சுக்கு மையாகிய ஆமணக்கு, மோட்டார் வண்டியின் தடுப்புக்குள்ளும் புகுந்தமை ஒரு விந்தை. இதற்குக் காரணம் இறப்பர். பிறேக் உருளைகளுக்குள் இருக்கும் இயற்கை இறப்பர்க் கிண்ணங்கள் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் பட்டால் ஊதிப் பழுதாகும்; தாவர எண்ணெயாற் பழுதாவதில்லை. பிறேக் கிண்ணத்தில் எஞ்சின் எண்ணெயைச் சிறிது ஊற்றினும் முழு அமைப்பும் கெடுமென்று மெக்கானிக்குகள் எச்சரிப்பது இதனாலேயாகும். பின்னாளிற் கிளைக்கோல் வகைத் திரவங்கள் வந்தன. இவை வலிமையானவை, ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையவை.

அந்த ஈரத்தின் தீங்கு இறக்கத்திலே வெளிப்படும். ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள வண்டி 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி முழுவதும் வெப்பமானால், அது ஏறத்தாழ ஒன்பது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினைச் சிறிய கியரிற் போட்டு இறங்கினால் அதிற் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். பெரிய கியரில் விட்டுப் பிறேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அவ்வளவும் சக்கரங்களிற் சேரும். இப்போது வழக்கிலுள்ள டொட் 3 என்னும் தரத் திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை வரையேனும் கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான ஈரத்தை உறிஞ்சிய பின்னர் அதன் எல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. கொதித்த திரவம் ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கிவிடும். அதனாற் கால் மிதிக்கும் மிதி அடிவரை தாழ்ந்தும் சக்கரம் நிற்பதில்லை. சிறிது நேரம் ஆறியபின் சோதித்தால் பிறேக் மீண்டும் பிடிக்கும். குற்றத்தின் சுவடும் தெரியாது. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்திறங்கும் றம்பொடைப் பாதையிலும், உன்னஸ்கிரியவிலிருந்து மகியங்கனைப் பக்கம் கொண்டையூசி வளைவுகளாய் இறங்கும் பாதையிலும், கடுகண்ணாவையிலும் வண்டி செலுத்துவோர் இரண்டாண்டுக்கு ஒரு முறை பிறேக் திரவத்தை மாற்றவேண்டுமென்னும் விதி இதனாற் பிறந்தது.

இத்தகைய அறிவு கண்டியிற் பெருகுவதற்கு இரு நிகழ்ச்சிகள் துணைபுரிந்தன. 1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. ஜீப் வண்டிகளும் லொறிகளும் மலை வீதிகளில் நிறைந்தன. குறித்த நாளில் குறித்த எண்ணெயை மாற்றி ஏட்டிற் பதியும் படைமுறை ஒழுங்கை ஊரார் கண்ணாரக் கண்டனர். இரண்டாவதாக, 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. 1960களின் நடுப்பகுதியிற் பொறியியற் பீடமும் அங்கு இடம்பெயர்ந்தது. ஏட்டறிவும் கைப்பழக்கமும் ஒரே ஊரில் அயலவராயின.

பின்னர் வந்தது பஞ்ச காலம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட, மோட்டார் வண்டிகளின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்று, எண்ணெய் வர்த்தகம் படிப்படியாக அரசின் கைக்கு வந்தது. 1977இற் பொருளாதாரக் கொள்கை மாறும்வரை புதிய வண்டி வாங்குவதென்பது பெரும்பாலோருக்குக் கனவாகவே இருந்தது. உதிரிப் பாகங்களும் அருகின. அக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியதற்கு அவற்றின் இரும்பின் உறுதி மட்டும் காரணமன்று. பாகம் கிடைக்காத இடத்திற் பாகத்தைத் தேயவிடாது காப்பதே வழி; தேயவிடாது காப்பது திரவம். ஆசிரியரும், எழுதுவினைஞரும், கடைக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளிற் தம் வீட்டு முற்றத்திலேயே சட்டையைக் கழற்றிவிட்டு வண்டியின் அடியிற் படுத்தமை அந்தத் தலைமுறையின் இயல்பான காட்சியாயிற்று.

அந்த முற்றத்து வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சாய்வான நிலமே மிகுந்த கண்டியில் முதலாவது விதி, சமதரை தேடுதல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுவது உயிரோடு விளையாடுவதாகும்; உறுதியான முட்டுக்கள் கொடுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அண்டைக் கட்டையும் வைத்த பின்னரே கீழே செல்லல் வேண்டும். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, இளஞ்சூட்டில் எண்ணெயை வடித்தால் கசடும் சேர்ந்து வெளிவரும். அடைப்பாணியின் செப்பு வளையத்தைச் சோதித்துப் பூட்டி, வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெயை வார்த்து, அளவுக்கம்பியின் மேற்கோட்டைத் தாண்டாது நிறுத்துவர். கியர்ப் பெட்டியிலும் பின்னச்சிலும் எண்ணெய் மாற்றுகையில், நிரப்பும் துளையின் ஆணியை முதலிற் கழற்றிப் பார்த்த பின்பே வடிக்கும் ஆணியிற் கை வைப்பர். நிரப்பும் ஆணி இறுகிப்போயிருந்தால், வடித்த வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பிறேக் திரவத்தை மாற்ற இருவர் வேண்டும். பெரும்பாலும் தந்தை சக்கரத்தின் அருகே இருக்க, பிள்ளையோ இல்லாளோ மிதியில் இருப்பர். ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்னும் மூன்று சொற்களே அங்கு வழங்கும் மொழி. பொதுவாகத் தலையுருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திற் தொடங்கி அண்மையிலுள்ளதில் முடிப்பர். சிறு குழாயொன்றைப் போத்தலுள் அமிழ்த்தி, குமிழியின்றித் தெளிந்த திரவம் வரும்வரை வடிப்பர். மேற்கிண்ணம் வற்றாமற் பார்த்துக்கொள்வர். வற்றினால் காற்றுப் புகுந்து வேலை முழுவதும் வீணாகும். வடித்த திரவத்தை மீண்டும் ஊற்றுவதில்லை. நெடுநாள் திறந்து கிடந்த தகரத்துத் திரவத்தையும், காற்றின் ஈரம் அதிற் சேர்ந்திருக்குமாதலால், பயன்படுத்துவதில்லை. வேலை முடிந்ததும் வீதியில் இறங்குமுன், நின்ற நிலையிலேயே மிதியை அழுத்திப் பார்த்து, பின்னர் முற்றத்துக்குள்ளேயே மெல்ல ஓட்டிச் சோதிப்பது வழக்கம்.

பஞ்சம் கற்பிக்கும் பாடம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1990 முதல் 1995 வரையிலான பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடின. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடித்தொட்டிக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். அளவுக்கம்பியில் எண்ணெய் குறையாமல் ஏறியிருந்தால் அது நற்குறியன்று என்பதை அங்குள்ள சாரதிகள் அனுபவத்தில் அறிந்தனர். மலையில் ஏற்றமும் சமவெளியில் தடையும் ஒரே பாடத்தை வெவ்வேறு முறையிற் கற்பித்தன.

2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்கவும், பங்கீட்டு முறையிற் பெற்றோல் வாங்கவும் நேர்ந்தது. பாகங்களின் விலையும் எண்ணெயின் விலையும் பன்மடங்காயின. தனியார் வண்டிகளின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில், கராஜுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம்பிடிக்க எண்ணிய பலர் தந்தையரின் பழைய ஸ்பானர்ப் பெட்டியைத் திறந்தனர். வண்டிகள் மாறியிருந்தன, திரவங்களின் பெயர்களும் பெருகியிருந்தன. கடமை மாறவில்லை.

ஆனால் அந்தக் கடமைக்கு ஒரு மறுபாதி உண்டு. முந்திய தலைமுறை அதை அறியவில்லை. வடித்த எண்ணெய் எங்கே போயிற்று? வேலித் தூண்களுக்குக் கறையானைத் தடுக்கப் பூசப்பட்டது. மீதி மண்ணிலும் கானிலும் ஊற்றப்பட்டது. அன்று அது குற்றமாகத் தோன்றவில்லை. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கடுகண்ணாவை அடிவாரத்துக் கேகாலைப் பகுதியையும் வாட்டியபோது, நுளம்புக் குடம்பிகளைக் கொல்ல நீர்நிலைகளில் எண்ணெய் தெளிப்பதே ஒரு மருத்துவமாயிருந்தது. நீரின்மேல் எண்ணெயைக் கண்டு அஞ்சாத காலம் அது. ஆனால் எஞ்சினிலிருந்து வடியும் எண்ணெய் வேறு. தேய்ந்த உலோகமும் எரிந்த கசடும் அதிற் கலந்திருக்கின்றன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நிறுத்தப்படும்வரை ஈயமும் அதிற் சேர்ந்திருந்தது. கிளைக்கோற் குளிர்த்தித் திரவமோ இனிப்புச் சுவையுடைய நஞ்சு. திறந்த பாத்திரத்தில் அதை விட்டுவைத்தால் நாயும் பூனையும் மாடும் பருகி மடியும். குழந்தைக்கும் அதுவே கதி.

கண்டி மலைகளாற் சூழப்பெற்ற கிண்ணம் போன்ற நகரம். அங்கே ஊற்றப்படும் எதுவும் ஊற்றிய இடத்தில் நிற்பதில்லை. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இற் கட்டிய வாவியின் மிகைநீர், நடுக் கால்வாய் என்று பொருள்படும் மெத எல வழியாக நகரின் கழிவையும் ஏந்திச் சென்று கெட்டம்பேயில் மகாவலியை அடைகிறது. நகரத்தார் பருகும் நீரின் பெரும்பகுதி அந்த மகாவலியிலிருந்தே எடுக்கப்படுகிறது. சற்றுக் கீழே பொல்கொல்லையில், 1976 முதல், ஆற்றின் ஒரு பங்கு மலையைக் குடைந்த சுரங்கத்தால் மாத்தளைப் பக்கம் திருப்பப்பட்டு உலர் வலய வயல்களுக்குச் செல்கிறது. கண்டி முற்றத்துக் கானில் ஊற்றிய போத்தல் எண்ணெய்க்கு அவ்வளவு நீண்ட பயணம் காத்திருக்கிறது.

1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடற் சட்டமும், அதன்கீழ் 1981இல் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் இத்தகைய கழிவுகளைக் கட்டுப்படுத்த வந்தவை. வண்டி கழுவும் நிலையங்கள் உரிமம் பெறவேண்டும். சேர்க்கப்பெறும் கழிவெண்ணெயைப் புத்தளத்துச் சீமெந்துச் சூளையின் கடும் வெப்பத்தில் எரித்துப் பயன்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் சட்டத்தின் கண் வீட்டு முற்றம் ஒவ்வொன்றையும் எட்டாது. வீட்டில் வேலை செய்பவர் வடித்த எண்ணெயை மூடியுள்ள தகரத்திற் சேர்த்து, நீரோ பிறேக் திரவமோ கலக்காமல், எண்ணெய் சேர்க்கும் சேவை நிலையத்தில் ஒப்படைப்பதே தக்க முறை. புதிய எண்ணெய் வந்த தகரமே பழைய எண்ணெயைக் கொண்டுசெல்ல ஏற்ற பாத்திரம். பழைய வடிகட்டியையும் ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டுச் சேர்த்தளிக்கலாம். கால் மணிநேர அலைச்சலுக்கு மேல் இதிற் செலவில்லை.

கண்டி வீதியில் முதலிற் சென்ற வண்டிக்காரன் அச்சுக்கு மையிட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அவன் தண்ணீர் காட்டிய ஓடையில் வண்டி மையைக் கழுவியதில்லை. அதே ஓடையிலேதான் அவனும் பருகவேண்டியிருந்தது. கிளீனரும், சாரதியும், பஞ்ச காலத்து முற்றத்து மெக்கானிக்கும் அவனுக்குப் பின் வந்த வாரிசுகள். தன் வண்டியின் எண்ணெயையும் நீரையும் பிறேக் திரவத்தையும் தானே மாற்றத் தெரிந்தவர் இறக்கத்தில் தம் குடும்பத்தைக் காக்கிறார். மாற்றியதைக் கானில் ஊற்றாதவர், கெட்டம்பேக்குக் கீழே அதே நீரை அள்ளிப் பருகும் முகமறியாத குடும்பங்களையும் காக்கிறார். மலை கற்பித்த முதற்பாதியை நம்மவர் நன்கு கற்றுள்ளனர். ஆறு கற்பிக்கும் மறுபாதியும் அவ்வாறே கைப்பழக்கமாக வேண்டும்.